வர்க்கிக்கு மசியாத செவலை

புதிதாகக் காக்கி போட்டு மலையடிவாரத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, யானை வந்தால் எப்படி ஓடுவது, கரடி வந்தால் எப்படி நிற்பது என்றெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாய் வந்தால் என்ன செய்வது என்று யாராவது சொன்னார்களா? எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன் என்பதையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் அதுவே எனக்கு முடியாத காரியமாக இருந்தது.

நான் தேனிக் கடைவீதியில் பலசரக்குக் கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. மிளகாய் வற்றல் நெடியில் தும்மித் தும்மியே வளர்ந்தவன். கல்லாவில் உட்கார்ந்தால் தும்மல் நிற்காது என்பதற்காகத்தான் வனக்காவலர் வேலைக்கு மனுப் போட்டேன். எனக்குக் காட்டின்மேல் பிறவியிலேயே காதல் என்று ஓய்வு பெற்ற அன்று ஒருவர் மேடையில் பேசினார். மாலை போட்டவரை மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்பதால் சும்மா இருந்துவிட்டேன். உண்மைக் காரணம் தும்மல்தான்.

எனக்கு யானையிடம் பயம் இல்லை. அதுவரை யானையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். வேலை உத்தரவைப் பிரித்தால், கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்று. கோம்பை என்றதும் நாட்டுக்கே நாய்தான் ஞாபகத்துக்கு வரும். செம்பட்டை நிறம், கறுத்த மூஞ்சி, அந்நியன் வாடை பட்டால் அரைக் கண்ணைத் திறக்கும், அடுத்த நொடி வேட்டியைப் பிடிக்கும். அப்படிப்பட்ட நாய் வீட்டுக்கு ஒன்றாக இருந்த ஊருக்கு என்னை அனுப்பினார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த மக்களின் பேரன் பேத்திகள்தான் இன்று உங்களோடு தீயணைக்க வருகிறவர்கள்.

முதல் மாதம் நான் ஊருக்குள் நடக்கவே இல்லை, ஓடினேன். என் காக்கிக் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்த தையல்காரர், “சார், துணியைவிட ஒட்டு அதிகமாப் போச்சு” என்றார். அப்புறம்தான் கடைக்காரன் புத்தி வேலை செய்தது. வாடிக்கையாளர் முறைத்தால் என் அப்பா என்ன செய்வார்? பொட்டலத்துக்கு மேல் ஒரு கைப்பிடி கொசுறு போடுவார். நானும் கம்பத்துப் பேக்கரியில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டேன். உறுமுகிற நாய்க்கு ஒரு வர்க்கி. குரைக்கிற நாய்க்கு இரண்டு. சில மாதத்தில் அந்த ஊரின் புகழ்பெற்ற காவல் நாய்கள் எல்லாம் என்னைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.

ஒன்றைத் தவிர. சின்னமாயன் என்பவரின் நாய் அது. பெயர் செவலை. வர்க்கியை அதன் மூக்குக்கு நேரே போட்டாலும் பார்க்காது. என்னைப் பார்க்கும், என் காலைப் பார்க்கும், மறுபடி என்னைப் பார்க்கும்.

“கார்டு சார், அந்த வர்க்கிய நீங்களே தின்னுங்க” என்பார் சின்னமாயன். நெடிய ஆள். அவர் பேச்சிலும் நாயின் பார்வை இருக்கும். “பட்டினி கெடந்து செத்தாலும் செவலை அடுத்தவன் கையில வாங்காது. அது என்னய மாதிரி.”

“ஆமா, ஒங்கள மாதிரிதான், எம் பேச்சுக் கேக்காது” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள் குரல் கொடுப்பார். அவர்தான் ஊரில் இட்லிக்கடை வைத்திருந்தார். என் மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேதான். செவலை கட்டிக் கிடந்ததும் அங்கேதான். நான் ஒரு கண்ணை இட்லியிலும் ஒரு கண்ணை நாயிலும் வைத்துச் சாப்பிட்டு இளைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. வனவிலங்குகளைக் காக்கும் சட்டம் புதிதாக வந்திருந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலையடிவாரத்து ஓடைகள் எல்லாம் காய்ந்து, ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரே ஓர் ஊற்று மட்டும் கசிந்துகொண்டிருந்தது. ஊருக்குக் குடிதண்ணீரும் அதுதான், காட்டுக்கும் அதுதான். காலையில் ரோந்து போகும்போது அங்கே ஒரு பெட்டை மிளாவைப் பார்ப்பேன். மிளா என்றால் எருமைக்கன்று உயரத்துக்கு நிற்கும் பெரிய மான். பக்கத்தில் கால் நடுங்க நடுங்க நிற்கும் ஒரு குட்டி. முன்பெல்லாம் அந்தச் சரிவில் மிளாக் கூட்டமே இருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தது அந்தத் தாயையும் குட்டியையும் மட்டும்தான்.

பங்குனித் திருவிழா நெருங்கியது. திருவிழாவுக்கு முன்னால் பாரிவேட்டை. ஊர் ஆண்கள் மொத்தமும் நாய்களோடு மலையேறி, அடித்ததை எல்லைச் சாமி முன்னால் கொண்டுவந்து போடுவார்கள். எல்லையில் ரத்தம் விழுந்தால்தான் திருவிழா தொடங்கும். எந்த வீட்டு நாய் முதலில் மடக்கியதோ அந்த நாய்க்கு மாலை, அந்த வீட்டுக்கு முதல் திருநீறு. அந்த மாலைக்காகத்தான் வருஷம் முழுக்க நாய் வளர்த்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அந்த வருஷம் நாய்கள் காட்டைச் சுற்ற வேண்டியதில்லை. ஊற்றுக்குப் போனால் போதும். தாகத்துக்கு வந்த அத்தனையும் அங்கே நிற்கும், அந்தத் தாயும் குட்டியும் உட்பட.

ரேஞ்சர் ஐயாவிடம் ஓடினேன். அதிகம் பேசாத மனிதர், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

“கேஸ் போட்டுரலாமா சார்?”

“போடலாமே. போன கோடையில மலையில தீப்பிடிச்சப்போ அணைச்சது யாரு?”

“ஊர்க்காரங்க சார்.”

“அவங்கள உள்ள வெச்சிட்டு அடுத்த தீயை உன் தொப்பியால அணைப்பியா?”

“அப்ப வேட்டைக்கு விட்டுரலாமா சார்?”

“அப்படி நான் சொன்னேனா?” கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஒரு உசிரும் சாகக் கூடாது. ஒரு மனுஷனும் நமக்கு எதிரியாகக் கூடாது. எப்படின்னு எனக்கும் தெரியல. அங்கே நிக்கப் போறவன் நீ. நின்னு பாரு.”

எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. வழி தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, கீழே வேலை பார்க்கிறவனை நம்பி விடுகிற அதிகாரி கிடைப்பது எத்தனை பெரிய விஷயம் என்று பின்னால் வேறு சில அதிகாரிகளிடம் வேலை பார்த்தபோது புரிந்தது.

ஊர்க்கூட்டத்தில் சட்டத்தை வாசித்தேன். குரல் நடுங்காமல் வாசித்ததில் எனக்கே பெருமை. முடித்ததும் பூசாரி கேட்டார்: “இந்தச் சட்டம் எங்க சாமிக்குத் தெரியுமா தம்பி?” கூட்டம் சிரித்தது. சின்னமாயன் எழுந்தார். “சார், நீங்க வாசிச்சீக, நாங்க கேட்டுக்கிட்டோம். வேட்டைக்கு வாங்க, கறி போடுறோம்.” அதற்கும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் சொல்லப் போன இடத்தில் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் இட்லிக்கடையில் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பேச்சியம்மாள் சட்னியைக் கூடுதலாக ஊற்றினார்.

“விடுங்க தம்பி. எனக்கும் இந்த வேட்டை புடிக்கல. ஊத்துலயே அறுத்துக் கழுவுவாக. பெறகு ஒரு வாரத்துக்குத் தண்ணியெல்லாம் கவிச்சி. கொடம் தூக்குறவ நானுல்ல?”

“நிறுத்த வழியே இல்லையா அக்கா?”

“எங்க மாமனார் காலத்துல ஒருக்கா நின்னுச்சு. மலையேறுறப்ப ஒரு நாயி கூட வந்த ஆளையே கடிச்சிருச்சு. வேட்டை நாயி மனுச ரத்தம் பாத்துட்டா அன்னைக்கு வேட்டை இல்ல. சாமி குறுக்க விழுந்துருச்சுன்னு அர்த்தம். அப்பிடியே திரும்பி வந்துட்டாக.”

நான் செவலையைப் பார்த்தேன். செவலை என் காலைப் பார்த்தது.

அன்று இரவு தூங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன், நாய்க் கனவோடு.

வேட்டை அன்று விடிந்ததும் மலைப்பாதையில், எல்லைக் கல் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பழக்கதோஷத்தில் வர்க்கிப் பை தோளில். தாரை தப்பட்டையோடு ஊரே வந்தது. வேல்கம்பு, வலை, நாய்கள். நான் பாதையின் நடுவே உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலை நீட்டினேன்.

மேளம் நின்றது.

“என்ன சார், வழியில காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கீக?” என்றார் சின்னமாயன்.

“நாயைக் கடிக்கச் சொல்லுங்க.”

“என்னது?”

“கடிச்சா வேட்டை நிக்கும்ல? அதான் உங்க வழக்கம்ல? கடிக்கச் சொல்லுங்க.” கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

நாய்கள் பாய்ந்து வரும் சத்தம் கேட்டது. குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அப்புறம் என் முழங்காலில் ஈரமாக ஏதோ பட்டது. இன்னோர் ஈரம். கண்ணைத் திறந்தால் ஊரின் அத்தனை நாய்களும் என் காலை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று மடியில் ஏறிப் படுத்தே விட்டது. மாதக்கணக்கில் நான் போட்ட கொசுறு, வேண்டாத நேரத்தில் வேலை செய்தது.

“ஏலே, கார்டு சாரு காலு இனிக்குதாம்லே!” என்று ஒருவர் கத்த, மலையே அதிரச் சிரித்தார்கள். செவலை மட்டும் வரவில்லை. சின்னமாயன் காலடியில், அவர் சொல்லுக்காக உட்கார்ந்திருந்தது.

சிரித்து முடித்ததும் என்னைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். மேலே ஊற்றில் இந்நேரம் அந்தத் தாயும் குட்டியும் நிற்கும். எனக்கு முன்னால் ஒரு வழி இருந்தது. எல்லோரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உன்மேல் கேஸ், உன்மேல் கேஸ் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் முதலில் கண்ணில் பட்டவரின் முழங்கையில் தீத்தழும்பு. போன கோடையில் என் பக்கத்தில் நின்று பச்சைத் தழையால் தீயை அடித்தவர். பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

தம்பிகளே, அந்த இடத்தில் நான் ஆழமாக யோசித்து ஒரு முடிவெடுத்தேன் என்று நீங்கள் நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். நடந்தது வேறு. மடியில் கிடந்த நாய் பைக்குள் மூக்கை விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் கடிக்காவிட்டால் என்ன? நாயே இல்லாவிட்டால் வேட்டை ஏது? எழுந்து, பையைத் தலைக்கு மேல் குலுக்கி, ஊரைப் பார்த்து இறக்கத்தில் ஓடினேன். வர்க்கியை இறைத்துக்கொண்டே ஓடினேன்.

அத்தனை நாயும் என் பின்னால்.

“ஏலே மணி! வாலே இங்கன!” “கருப்பு! கருப்பு!” என்று பின்னால் ஒரே கூச்சல். ஒன்றும் திரும்பவில்லை. சீமைக்கே பேர் போன நாய்கள் கம்பத்துப் பேக்கரி வர்க்கிக்காக ஒரு தும்மல்காரன் பின்னால் ஓடியதைப் பார்த்து ஊர் ஆண்களின் முகம் எப்படி இருந்ததோ, நான் பார்க்கவில்லை. நான் பார்க்காத இன்னொன்று, எசமானின் சொல்லுக்குக் காத்திருந்த செவலை எழுந்துவிட்டது. அதன் கணக்கில் அந்நியன் ஒருவன் ஊர் நாய்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான்.

“செவலை, விடு! விடுன்னா!” என்று சின்னமாயன் கத்தியது காதில் விழுந்தது. வாழ்நாளிலேயே அந்த ஒரு முறைதான் அது அவர் சொல்லைக் கேட்கவில்லையாம். உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே சுருக்கென்றது. குப்புற விழுந்தேன்.

ஓடியது சில எட்டுதான், எல்லைக் கல்லுக்கு ஓரமாகவே விழுந்திருந்தேன். எல்லோரும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். கையால் தொட்டுப் பார்த்தேன், சிவப்பு. வலியில் அழ வேண்டியவன் கத்திய கத்தலை அந்த ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது:

“ரத்தம்! ரத்தம்! எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க, ரத்தம்!”

பூசாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். “திரும்புங்கப்பா” என்றார்.

என்னை வேல்கம்புகளில் வலையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள், குப்புறத்தான். அந்த வருஷப் பாரிவேட்டையில் வலையில் வந்தது நான் ஒருவன்தான். இட்லிக்கடை முன்னால் இறக்கியதும் சலசலப்பு. வேட்டை நின்றது சரி, எல்லையில் காவு விழாமல் திருவிழா எப்படி? அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போகலாம் என்றார் ஒருவர். இன்னொரு வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் இன்னொரு பக்கம்தான் பாக்கி.

பேச்சியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார்.

“எதுக்குப் போகணும்? சாமி கேட்டது ரத்தம். எல்லையில விழுந்துச்சா இல்லையா? மான் ரத்தம்தான் வேணும், கார்டு ரத்தம் வேணாம்னு சாமி பிரிச்சா சொல்லுச்சு?”

பூசாரி தாடியைத் தடவியபடி, “விழுந்தது விழுந்ததுதான். கொடியேத்துங்க” என்றார்.

கம்பம் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் வைக்கோல்மேல் என்னைக் கவிழ்த்துக் கொண்டுபோனவர் சின்னமாயன். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்: “சார், செவலையச் சுட்டுப் போடச் சொல்லி எழுதுவீகளா?”

வைக்கோலுக்குள்ளிருந்து சொன்னேன்: “அண்ணே, ஊருலயே லஞ்சம் வாங்காத நாய் அது ஒண்ணுதான். அதச் சுட்டா என்னய எங்க ரேஞ்சர் சுட்டுருவாரு. ஆனா ஒண்ணு. மாலை இந்த வருஷம் அதுக்குத்தான் போடணும்.”

வண்டியை நிறுத்திவிட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்துக்கயிற்றைச் சரிசெய்தார். கயிறு சரியாகத்தான் இருந்தது.

தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். முன்னால் படுக்க முடியாது, பின்னால் உட்கார முடியாது. நின்றபடியே திருவிழா பார்த்தேன். செவலைக்கு மாலை விழுந்தது. விழுந்தபோதும் அது என் காலைத்தான் பார்த்தது.

ரேஞ்சர் ஐயா என்னை நிற்க வைத்தே விசாரித்தார். “ஒரு உசிரும் சாகல. ஒரு மனுஷனும் எதிரியாகல. ஆனா ஒண்ணு கேக்கணும். கடி வாங்குனது திட்டமா, தற்செயலா?” திட்டம்தான் சார், ஆனால் காலில் என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஒரு வருஷம் தப்பித்தது பெரிதில்லை. அடுத்த பங்குனி வரும் அல்லவா? ஆனால் அதற்குள் ஊருக்குள் வேறு ஒரு நெருப்பு பற்றியிருந்தது. கூப்பிட்டால் திரும்பாத நாய் என்று ஒவ்வொரு வீட்டையும் மற்ற வீடுகள் கேலி செய்தன. “ஒங்க நாயிக்கு வர்க்கி வாங்கியாச்சா?” என்று கேட்டால் அடிதடி. மானம் தாங்காமல், நாய்களைப் பழக்க வழி கேட்டு அவர்களே என்னிடம் வந்தார்கள். எல்லோரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அடுத்த பாரிவேட்டை அன்று நாய்களோடு ஊற்றுக்குப் போவது. ஆண்கள் ஊற்றைத் தூர் வாரி, சுற்றிலும் காய்ந்த புல்லைச் செதுக்கித் தீ தாண்டாதபடி வழி எடுப்பது. நாய்கள் ஓரமாக உட்கார வேண்டும். நான் வர்க்கிப் பையோடு அவற்றின் முன்னால் உலாவ வேண்டும். எசமான் சொல்லாமல் எழாத நாய்க்கு மாலை. சாமிக்கு? “அதான் மொதல்லயே நெறைய குடுத்துட்டமே” என்றார் பூசாரி, என் பின்பக்கத்தைப் பார்த்தபடி. எல்லையில் பூசணிக்காய் உடைத்தார்கள், குங்குமம் தடவி.

அரசாங்கச் சம்பளத்தில் நாய்களுக்கு ஆசை காட்டிய ஒரே வனக்காவலன் நான். முதல் வருஷம் பாதி நாய்கள் எழுந்துவிட்டன. மூன்றாம் வருஷம் நான் பையைத் தலைகீழாகக் கொட்டியும் ஒன்றும் அசையவில்லை. அப்போது மேலே சருகு சத்தம். மிளா ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதன் வயிற்றை உரசிக்கொண்டு ஒரு சின்னது. ஆட்களைப் பார்த்து நின்றன. நாய்களைப் பார்த்து நின்றன. மண்வெட்டியோடு நின்ற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். செவலையின் காது நிமிர்ந்தது, தொடை நடுங்கியது. சின்னமாயன் உதடுகூட அசைக்கவில்லை, கையை மட்டும் அதன் முதுகுக்கு மேலே காற்றில் வைத்திருந்தார். மூன்றும் புதிதாகத் தூர் வாரிய ஊற்றில் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவசரமில்லாமல் மேலேறிப் போயின.

“எங்க நாயி” என்றார் சின்னமாயன். அப்போதுதான் கையை அதன் முதுகில் இறக்கினார்.

மாற்றல் வந்து ஊரை விட்டுப் போகிற அன்று இட்லிக்கடையில் கடைசி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, செவலை முன்னால் குந்தினேன். அதற்கு மூஞ்சியெல்லாம் நரைத்திருந்தது. பையில் மிச்சமிருந்த ஒரு வர்க்கியை நீட்டினேன். அது முகர்ந்தது. சின்னமாயனைப் பார்த்தது.

“வாங்கிக்கடா, சாரு ஊருக்குப் போறாக” என்றார் அவர்.

செவலை கொஞ்சம் யோசித்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, அரைக் கண் திறந்து, என் காலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த வர்க்கியை நான்தான் தின்றேன்.